பட்டினி போடாத மண்

அவலூர்பேட்டையில் நிலம் இரண்டு வகை. ஏரித் தண்ணீர் பாய்கிற கழனி ஒன்று. மழையையும் கிணற்றையும் நம்பியிருக்கிற கொல்லை இன்னொன்று. செஞ்சிக் கோட்டை எந்தப் பாறைமேல் நிற்கிறதோ அதே பாறைதான் எங்கள் ஊருக்கு அடியிலும் ஓடுகிறது. அது காலகாலமாக நைந்து உதிர்ந்ததில் உண்டானது எங்கள் செம்மண். மணல் அதிகம், களி குறைவு. மழை பெய்தால் மளமளவென்று குடிக்கும். நாலு நாள் வெயிலடித்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். இந்த மண்ணில்தான் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கம்பும் கேழ்வரகும் விளைகின்றன. ஏரிக்குக் கீழே நெல்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, அத்தையிடம் விவசாயம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். ஏர் பிடிக்கவும், அண்டை வெட்டவும், மடை திருப்பவும் கற்றுக்கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் கற்றுக்கொடுத்தார்தான். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றியது. பாக்டீரியா, பூசணம் என்ற பெயர்களை அவர் சொன்னதில்லை. அவற்றை நான் திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்துப் பயிற்சிகளில் கேட்டும் புத்தகங்களில் படித்தும் தெரிந்துகொண்டேன். அப்படித் தெரிந்துகொண்ட ஒவ்வொரு செய்தியும் அத்தை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஏதோவொரு வேலைக்குக் காரணம் சொன்னது. ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியா இருக்கும் என்று படித்த இரவு, பகலில் அவர் மண்ணை உள்ளங்கையில் வைத்து ஏன் அத்தனை நேரம் முகர்ந்துகொண்டிருந்தார் என்பது புரிந்தது.

முதலில் கற்றது குப்பைக் குழி.

எங்கள் பக்கத்தில் எருவைக் குப்பை என்றுதான் சொல்வோம். வண்டியில் எரு ஏற்றிப் போடுவது குப்பை அடிப்பது. புங்க மரத்து நிழலில் இடுப்பளவு குழி வெட்டி, சாணமும், கோமியத்தில் ஊறிய வைக்கோலும், விதை வைக்காத களையும், வேப்பந்தழையும், அடுப்புச் சாம்பலும் அடுக்கடுக்காகப் போடுவார். ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் தெளிப்பது என் வேலை. எவ்வளவு தண்ணீர் என்பதற்கு ஒரே அளவுதான் சொன்னார்: ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. நனையாவிட்டால் மட்கும் வேலை நின்றுபோகும். சொட்டினால் காற்று புகாமல் அழுகி நாறும். காற்று வேண்டும் உயிர்கள், காற்று வேண்டாத உயிர்கள் என்று இரண்டு கூட்டம் இருப்பதையும், நமக்கு வேண்டியது முதல் கூட்டம் என்பதையும் அந்த ஒரு பிடியில் அவர் வைத்திருந்தார்.

குழி நிறைந்த சில நாட்களில் கடப்பாரையை நடுவே குத்தி வைக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்த்தால் கை சுடும். உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டை உண்டாக்குவது வெயில் இல்லை, சாணத்தையும் தழையையும் தின்று மூச்சுவிடும் நுண்ணுயிர்கள். களை விதையும் நோய்க் கிருமியும் இந்தச் சூட்டில்தான் சாகின்றன. சூடு தணிந்ததும் வேறு கூட்டம் வரும். எருவைப் புரட்டும்போது சாம்பல் தூவியதுபோல வெள்ளை இழைகள் தெரியும். அவை தெரிந்துவிட்டால் அத்தைக்கு முகம் மலர்ந்துவிடும். அந்த இழைகளில் பல ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. முதல் மழைக்கு மண் மணக்கிறதே, அந்த மணத்தைத் தருகிற ஜியோஸ்மின் என்ற பொருளை அவைதான் உண்டாக்குகின்றன. 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் இந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்துதான் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். எங்கள் தாத்தா டி.பி. வந்து ஊசி போட்டுப் பிழைத்தவர். அந்த ஊசி மருந்தின் உறவுக்காரர்கள் எங்கள் குப்பைக் குழியில் இருக்கிறார்கள் என்று அத்தையிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "மண்ணு காப்பாத்தாம வேற எது காப்பாத்தும்?" என்றார்.

சாண நாற்றம் போய் மண் வாசனை வந்தால் எரு தயார். அதற்கு முன்னால் எடுக்க விடமாட்டார். "இன்னா அவசரம் தம்பி? அரவேக்காட்டுக் குப்பையக் கொல்லையில போட்டா கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும்தான் விருந்து." பச்சை வைக்கோலை மடக்கி உழுத கையோடு விதைப்பதற்கும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தது: வைக்கோல் வெறும் சோறு, குழம்பு இல்லை, குழம்புக்கு மண்ணுல இருக்கறதுங்க பயிருகிட்டதான் வரும். அறிவியலில் இதைக் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் என்கிறார்கள். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு வரை கரிமம். பாக்டீரியாவின் உடம்பிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு. பற்றாக்குறைக்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தை அவை எடுத்துக்கொள்ளும். பயிர் சில வாரம் மஞ்சளாக நிற்கும். கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. அந்த உயிர்கள் செத்து மட்கும்போது சத்து திரும்பி வரும். ஆனால் பயிரின் வயது அதுவரை காத்திருக்காது.

எருவை அடித்த அன்று மாலையே இறைத்து, மறுநாள் விடிவதற்குள் உழவு ஓட்டிவிட வேண்டும். சின்னச் சின்னக் குவியலாக வாரக்கணக்கில் வெயிலில் கிடக்கும் எருவைச் சாலையோரக் கொல்லைகளில் பார்த்தால் அத்தை தாங்கமாட்டார். தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். மேலே இருக்கும் உயிர் காய்ந்து சாகும். கோடையில் வெறும் செம்மண்ணின் மேற்பரப்பு நடுப்பகலில் 50 டிகிரியைத் தாண்டும். விதைபோலத் தன்னை மூடிக்கொண்டு தூங்கத் தெரிந்தவை மட்டுமே அந்தச் சூட்டில் மிஞ்சும்.

தூங்கியவை எழுவது கோடை மழையில். இதுதான் நான் கற்ற இரண்டாவது பாடம், எல்லாவற்றிலும் நுட்பமானது என்று இன்றும் நினைப்பது. காய்ந்த மண்ணில் மழை விழுந்த சில மணி நேரத்துக்குள் உயிர்கள் விழித்து, செத்துக் கிடக்கும் தங்கள் கூட்டத்தையே தின்னத் தொடங்கும். மண் ஒரேயடியாக மூச்சுவிடும். அப்போது ஏராளமான தழைச்சத்து பயிர் எடுக்கக்கூடிய வடிவில் வெளியே வருகிறது. 1950-களில் கென்யாவில் பர்ச் என்ற ஆய்வாளர் இதை அளந்து எழுதினார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. அந்தச் சத்தைப் பிடித்துக்கொள்ள அந்த நேரத்தில் வேர் வேண்டும். வேர் இல்லாவிட்டால் அடுத்த மழையில் மணலோடு கீழே இறங்கிவிடும். அத்தை சித்திரை, வைகாசியில் முதல் மழை விழுந்ததும் புழுதி ஓட்டி, காராமணி, பயறு, கம்பு, எள், சணப்பை என்று கையில் இருக்கும் விதையெல்லாம் கலந்து இறைத்துவிடுவார். பூ எடுக்கும்போது மடக்கி உழுவார். அது மட்கி முடியும்போது ஆடிப்பட்டம் வந்திருக்கும். மகாராஷ்டிரத்தின் தபோல்கர் வகுத்து, நம்மாழ்வார் தமிழ்நாடெங்கும் எடுத்துச் சென்ற பலதானிய விதைப்பும் இதுதான். நம்மாழ்வார் பெயர் அத்தைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்தப் பழக்கத்தைத் தன் மாமியாரிடம் கற்றதாகத்தான் சொல்வார்.

ஆடியில் மல்லாட்டை. எங்கள் ஊர்க் கொல்லையின் கணக்கெல்லாம் மல்லாட்டையில்தான் நேராகும். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருப்பதால் ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகளை இங்கே சிறுபிள்ளையும் சொல்லும். நல்ல காயாகப் பொறுக்கி, பருப்பில் கீறல் விழாமல் கையால் உடைத்து, விதை நேர்த்தி செய்வது ஒரு நாள் வேலை. வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கிய ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, பருப்பின் மேல் ஊற்றி, மெதுவாகப் புரட்டி, நிழலில் சாக்கு விரித்து உலர்த்த வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் பொட்டலம் வீண். வெயிலில் உலர்த்தினாலும் வீண். பூசணக்கொல்லி மருந்து கலந்த விதை என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டுத்தான் இதைக் கலக்க வேண்டும். பொட்டலத்தில் இருப்பது உயிர் என்பதை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்கக் கிடந்த பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கினால் வெறும் கரித்தூளைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

செடி பூத்து விழுது இறங்கும் பருவத்தில் அத்தை என்னைக் கொல்லைக்குள் உட்காரவைத்தார். களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, வேர் அறாமல் ஒரு செடியைத் தூக்கி, வாளித் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். வேரில் கடுகு, கேழ்வரகு அளவில் முடிச்சுகள். உற்றுப் பார்த்தால் அவை கண்ட இடத்திலும் இல்லை. பக்க வேர் கிளைக்கும் இடங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பக்க வேர் வெளியே வரும்போது தோலில் சின்ன வெடிப்பு விழும். மல்லாட்டையில் பாக்டீரியா நுழைவது அந்த வெடிப்பின் வழியாக. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளச் சொன்னார். உள்ளே இறைச்சி நிறத்தில் சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள் தரும் நிறம் அது. அளவுக்கு மேல் ஆக்சிஜன் பாக்டீரியாவைத் தொடாமல் அது பார்த்துக்கொள்கிறது. சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உட்கார்ந்து தின்னும் கூட்டம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வயது முடிந்துவிட்டது. ஹாலந்துக்காரர் பெய்ஜெரிங்க் 1888-இல் இப்படிப்பட்ட வேர் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

பிறகு அடுத்த கொல்லைக்காரரிடம் கேட்டு அங்கேயும் ஒரு செடியைப் பிடுங்கினோம். அது யூரியா தாராளமாக விழுந்த கொல்லை. இலை எங்கள் செடியைவிடக் கரும்பச்சை. வேரில் முடிச்சு குறைவு, இருந்தவையும் சிறுத்து வெளுத்திருந்தன. செடிக்கு இது சிக்கனம்: பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு மண்ணில் சும்மா கிடைக்கும்போது அது ஏன் செலவழிக்கப் போகிறது? செலவழிப்பது விவசாயிதான், இரண்டு முறை: யூரியாவுக்கு ஒரு முறை, சும்மா கிடைத்திருக்க வேண்டியதை இழந்ததற்கு இன்னொரு முறை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. காராமணி, உளுந்து, பச்சைப்பயறு, வேலியோரக் கொளுஞ்சி இவற்றின் வேரில் வாழ்கிற கூட்டமும் மல்லாட்டை வேரில் வாழ்கிற கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை மாற்றி மாற்றிப் பயிர் வைக்கிற கொல்லையில் இந்தப் பாக்டீரியா பரம்பரையாக இருக்கும். அங்கே பொட்டலத்தால் வரும் கூடுதல் லாபம் குறைவு. பல போகம் நெல்லே நட்ட நிலத்திலும், புதிதாகத் திருத்திய நிலத்திலும்தான் அத்தை பொட்டலத்தை விடாமல் போடுவார். காசுள்ளவர் எல்லா இடத்திலும் போட்டால் தவறில்லை. எங்கே கட்டாயம் வேண்டும் என்று தெரிந்திருப்பது தொழில்.

மல்லாட்டை போட்டால் மண் தேறும் என்பது எல்லோரும் சொல்வது. அது பாதிதான் சரி. காய்க்காக வேரோடு பிடுங்குகிறோம். கொடி மாட்டுக்குத் தீனியாகப் போகிறது, அல்லது விலைக்குப் போகிறது. செடி பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதி கொல்லையை விட்டே போய்விடுகிறது. மாடு வைத்திருந்தால் சாணமாகத் திரும்பும். மாட்டையும் வாரச்சந்தையில் விற்றுவிட்டவர் கொல்லைக்கு எதுவும் திரும்பாது. எங்கள் ஊரில் மண் மெலிந்த கதையில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம். உரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், தொழுவம் காலியானதைப் பேச வேண்டும்.

உழவைப் பற்றி அத்தைக்கும் எனக்கும் ஒரு பருவம் முழுக்கப் பேச்சு ஓடியது. ரோட்டவேட்டர் விட்டால் மண் மாவாகிவிடும், பார்க்க அழகாக இருக்கும், நேரம் மிச்சம். அத்தை கொக்கிக் கலப்பையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார். காரணத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் காட்டினார். எங்கள் கொல்லையில் மரத்தடியோரம் உழாமல் கிடந்த இடத்திலிருந்து காய்ந்த கட்டி ஒன்று. ரோட்டவேட்டர் வருடம் தவறாமல் ஓடிய நிலத்துக் கட்டி ஒன்று. இரண்டையும் தண்ணீரில் போட்டோம். முதல் கட்டி குமிழி விட்டபடி அப்படியே நின்றது. இரண்டாவது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து சேறாக அடியில் படிந்தது. முதல் கட்டியைப் பிடித்துவைத்திருப்பது பூசண இழைகளும், பாக்டீரியா சுரக்கும் பசையும், நுண்வேர்களும். மழைத்துளி விழும்போது மண் கரைந்து ஓடு கட்டாமல் இருப்பதும், தண்ணீர் உள்ளே இறங்குவதும் இந்தப் பசையால்தான்.

வேர்ப்பூசணம் என்று ஒன்று இருக்கிறது. பயிர் வேருக்குள் பாதியும் மண்ணில் பாதியுமாக வாழ்வது. அதன் இழை வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் போய் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும், பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். செம்மண்ணில் மணிச்சத்தை இரும்பு இறுக்கிப் பிடித்திருப்பதால் இந்த உதவி எங்களுக்கு மிகவும் வேண்டியது. ரோட்டவேட்டர் அந்த வலையை நறுக்கிவிடுகிறது. மீண்டும் பின்னுவதற்குள் பயிரின் இளம்பருவம் கடந்துவிடும். டி.ஏ.பி.யை அளவுக்கு மீறிப் போட்டால் செடியே இந்தப் பூசணத்தைச் சேர்த்துக்கொள்வதைக் குறைத்துவிடும். வேரே இல்லாமல் நிலம் நெடுநாள் தரிசாகக் கிடந்தாலும் அது மெலியும். உழவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; எங்கள் மண்ணில் உழாமல் மல்லாட்டை விழுது இறங்காது. எத்தனை உழவு, எவ்வளவு ஆழம், எந்த ஈரத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கழனி வேறு உலகம். அண்டை வெட்டி, சேடை ஓட்டித் தண்ணீர் கட்டிய ஓரிரு நாளில் சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதன்பின் அங்கே இருக்கும் உயிர்கள் நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசையும் இரும்பையும், பிறகு சல்பேட்டையும் வைத்து மூச்சுவிடும். எல்லாம் முடிந்த இடத்தில் மீத்தேன் உண்டாக்கும் கூட்டம் வரும். களையெடுக்க இறங்கும்போது காலடியில் குமிழி குமிழியாக வருவது அதுதான். வேர்ப்பூசணம் இந்தச் சேற்றில் ஒடுங்கிப்போகும். ஆனால் தண்ணீரின் மேல் வெயில் படும் இடத்தில் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். நெல் வயலில் இது நடக்கிறது என்று 1939-இல் பி.கே. டே எழுதினார். ஆண்டாண்டாக எருவில்லாமல் விளைந்த நெல் வயல்களின் ரகசியத்தில் ஒரு பங்கு அது.

நடவுக்கு முன்னால் தழை மிதிப்பது எங்கள் வீட்டில் இன்னும் விடவில்லை. கொளுஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கன், பூவரசு என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து சேற்றில் மிதிப்போம். தழைக்கு ஆள் கிடைக்காத வருடங்களில் தக்கைப்பூண்டு விதைத்து அங்கேயே மடக்கி உழுவோம். மணிலா அகத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சு வரும். அத்தை மிதித்த அன்றே நடவிடமாட்டார். தழை புளித்து அமிலம் கிளம்பும் நாட்களில் இளநாற்றின் வேர் கருகும் என்பது அவருக்குத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் என் பேச்சை அத்தை கேட்டுக்கொண்டார். எந்நேரமும் தண்ணீர் நிறுத்தாமல், கட்டிய நீர் மறைந்தபின் மறுபடி கட்டும் முறை. மண்ணுக்குள் காற்று போய்வரும், மீத்தேன் குறையும், வேர் வெள்ளையாக இறங்கும். ஏரியில் தண்ணீர் குறைந்த வருடத்தில்தான் இதற்கு ஒப்புக்கொண்டார். நெல் கெடவில்லை என்று பார்த்தபின் தண்ணீர் இருந்த வருடத்திலும் அப்படியே செய்தார்.

உரத்தைப் பற்றிய சண்டை எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் நடக்கிறது. ஒரு பக்கம், யூரியா மண்ணைச் சுடுகாடாக்கிவிட்டது. மறுபக்கம், யூரியா இல்லாமல் மூட்டை ஏறாது. நான் படித்தவரை உண்மை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக நிலத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நூறாண்டைக் கடந்தது. ஒவ்வொரு பாத்திக்கும் ஆண்டாண்டாக ஒரே வகை உரம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கியதற்கு நம் நாட்டுத் தம்பி. இப்படிப்பட்ட நெடுங்காலப் பரிசோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இது: தொழு எரு சேர்ந்த பாத்தியில் மண்ணுயிர் மிகுதி. அளவாக ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்தி, எதுவுமே பெறாத பாத்தியைவிடப் பெரும்பாலும் கொஞ்சம் மேல். ஏனென்றால் பயிர் வளர்ந்தால் வேரும் வளர்கிறது, வேர் விட்டதை உயிர்கள் தின்கின்றன. யூரியா விழுந்ததும் உயிரெல்லாம் செத்துவிடுவதில்லை. எரு நின்றுபோய், யூரியா மட்டும் வருடக்கணக்கில் தொடரும்போது மண் புளித்து, கரிமம் கரைந்து, உயிர்கள் பட்டினியில் குறைகின்றன.

கரைசல்களைப் பற்றியும் இதே அளவுகோலில்தான் பேச வேண்டும். ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர்: பத்துக் கிலோ சாணம், கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். அதன் ஒவ்வொரு கிராமிலும் கோடிக்கணக்கில் உயிர். ஒரு பீப்பாய்க் கரைசல் அங்கே எண்ணிக்கையைக் கூட்டிவிடாது, பசியையும் தீர்க்காது. பல்கலைக்கழகம் ஏக்கருக்கு ஐந்து டன் தொழு எரு கேட்கிறது. ஜீவாமிர்தத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரே கரைசலோடு மூடாக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறார். கேட்பவர்கள் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு மூடாக்கை விட்டுவிடுகிறார்கள். அத்தை இதே வகையைச் சேர்ந்த அமுதக்கரைசலைத் தழை மூடாக்கின் மேல் தெளிப்பார், மட்குவது துரிதப்படட்டும் என்று. எரு இல்லாத கொல்லையில் அதைத் தெளித்து அவர் நேரத்தைச் செலவழித்ததில்லை.

மண்வள அட்டை எங்களிடமும் இருக்கிறது. பன்னிரண்டு கணக்கு அதில் உண்டு. உயிரைப் பற்றி நேராக ஒன்றும் இல்லை. அங்ககக் கரிமம் என்ற வரிதான் அதற்கு மிகப் பக்கத்தில் வருவது. 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேலே அதிகம். எங்கள் கொல்லையின் எண் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது அசைய வருடங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டுவது. 2021-இல் சுவிட்சர்லாந்தில் ஆயிரம் பேர் தங்கள் தோட்டங்களிலும் வயல்களிலும் பருத்தி உள்ளாடைகளைப் புதைத்து இதைச் செய்தார்கள். நான் பழைய வேட்டியைக் கிழித்து மூன்று இடத்தில் புதைத்தேன். மூடாக்குப் போட்ட கொல்லையில் கரை நூல் மட்டும் கிடைத்தது, அது பாலியஸ்டர். போர்வெல் பக்கத்து வெறும் மண்ணில் துணி ஓட்டை ஓட்டையாக இருந்தது. குத்தகைக்கு எடுத்திருந்த ஏரிக்கரை நிலத்தில் ஏறக்குறைய முழுத்துணி, துவைத்தால் கட்டிக்கொள்ளலாம்போல.

அந்த மூன்றாவது துணிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏரிக்கரை நிலம் மண்ணில் எங்கள் கொல்லையைவிடத் தாழ்ந்ததில்லை. சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார்; வருடா வருடம் வாய்ப்பேச்சில் குத்தகை கைமாறும். அடுத்த வருடம் யாருக்கோ போகப்போகிற நிலத்தில் யார் ஐந்து டன் எரு அடிப்பார்கள்? இந்த வருடம் அடிக்கிற எருவில் பாதிப் பலன் அடுத்தடுத்த வருடங்களில்தான் வரும். யூரியா மூட்டையின் பலன் இந்தப் போகத்திலேயே வந்துவிடும். குத்தகைக்காரர் மூட்டையைத் தேர்ந்தெடுப்பது அறியாமையால் இல்லை. அறுவடை எந்திரம் வெட்டிய வைக்கோலையும் அங்கேயே கட்டுக் கட்டி வியாபாரியிடம் விற்றுவிடுகிறார்கள். குத்தகைப் பணத்துக்கு அது ஆகும். அறுப்பு முடிந்த நிலத்தில் ஆட்டுப் பட்டி போட்டு, ராத்திரிக்கு இவ்வளவு என்று கீதாரிக்குக் கொடுப்பதும் குறைந்துவிட்டது. குத்தகைதாரருக்குப் பாதுகாப்பாக 1955-லும், குத்தகையைப் பதிவுசெய்ய 1969-லும் தமிழ்நாட்டில் சட்டங்கள் வந்தன. பதிந்தால் நிலம் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயந்து வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2024-இல் அரசு மண்ணுயிர் காக்க என்றே ஒரு திட்டம் அறிவித்துப் பசுந்தாள் விதை கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் காகிதத்தில் பெயர் இல்லாத குத்தகைக்காரர் எந்த மண்ணுக்காக அந்த விதையை வாங்குவார்? மண்ணுயிரைப் பற்றிப் பேசுகிற எவரும் குத்தகையைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அத்தை சென்னைக்குப் போன் போட்டு நிலக்காரரிடம் பேசினார். வருடக் குத்தகை வேண்டாம், ஐந்து வருடம் கொடுங்கள், விட்டுப்போகும்போது நிலம் இப்போது இருப்பதைவிட நன்றாக இருக்கும் என்றார். மூன்று வருடத்துக்கு நிலக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நிலத்தை நீயே பார்த்துக்கொள் என்று அத்தை என்னிடம் விட்டிருக்கிறார். முதலில் தக்கைப்பூண்டு விதைக்கலாம் என்றேன் நான். மணல் மண்ணில் எது மட்கினாலும் நிற்காது, முதலில் வண்டல் என்றார் அவர். அவர் சொல்வதுதான் சரி: களி இருந்தால்தான் மட்கியது ஒட்டிக்கொள்ளும், ஈரம் தங்கும், உயிர்களுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். ஏரி வண்டலுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. அனுமதி வந்ததும் டிராக்டருக்குச் சொல்லி, ஏரியில் தண்ணீர் ஏறுவதற்குள் அடித்து இறைத்துவிட வேண்டும். தக்கைப்பூண்டு அதற்குப் பிறகு.